பெட்டி முன்னே... பிள்ளை பின்னே!
மீனம்பாக்கத்தில் நள்ளிரவுக் கண்ணீர்; கட்டிலுக்கு அடியில் தூங்கிய பார்சல்

சென்னை:-

நள்ளிரவு 12.30 மணி. மீனம்பாக்கம் விமான நிலையம், வெளிநாட்டு முனையம்.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு இளம் பெண். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இரண்டு பெரிய பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. சுடிதார்கள், புத்தகங்கள், பொடிப் பொட்டலங்கள், எவர்சில்வர் டம்ளர் எல்லாம் தரையில். பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் அதை வேடிக்கை பார்க்கிறது.

கண்ணாடிக்கு வெளியே அப்பாவும் அம்மாவும். டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. அப்பா காதில் செல்போன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நிற்கிறார்.

"அப்பா, ஒரு பெட்டி 27.4 கிலோ காட்டுது. இன்னொண்ணு 21. ரெண்டும் 23-க்குள்ள இருக்கணுமாம். மாத்தி அடுக்கினாலும் மொத்தத்துல 2.4 கிலோ ஜாஸ்தி. எதை எடுக்கட்டும்?"

இது நடந்தது 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பெண்ணின் அப்பா பெரம்பூர்க்காரர். ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். வீட்டில், ஆள் நின்று எடை பார்க்கும் மெஷினில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று எடை பார்த்திருக்கிறார்கள். அந்த மெஷின் காலை வாரிவிட்டது.

கூடுதல் எடைக்குக் கவுண்டரில் கேட்ட தொகையைச் சொன்னதும் அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "குக்கரை எடுத்துடும்மா" என்றார்.

குக்கர் 2 கிலோ. அது போதவில்லை. புளிக்காய்ச்சல் பாட்டிலும் போயிற்று. காவலுக்கு நின்ற சி.ஐ.எஸ்.எப். வீரர் மனசு வைத்தார். வாசல் வரை வந்து இரண்டையும் கொடுத்துவிட்டு மகள் உள்ளே ஓடினாள். கட்டிப்பிடித்து அழக்கூட நேரம் இல்லை. ஒரு கையில் குக்கர், ஒரு கையில் புளிக்காய்ச்சலோடு அந்தத் தாய் திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் நடந்து போன காட்சியைப் பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

ஏன் 23 கிலோ?

விமானக் கம்பெனிக்காரன் கஞ்சன் என்று திட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா போகும் பல விமானங்களில் பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. அதிகப் பணம் கட்டினாலும் 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். பெட்டியைத் தூக்கி வயிற்றுப் பகுதியில் அடுக்குகிறவர் மனிதர். அவர் முதுகெலும்புக்கு ஒரு கணக்கு உண்டு.

சரி, எடை சரியாக இருந்து ஏற்றியாகிவிட்டது. பெட்டி கூடவே வந்து சேருமா? அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

2022-ம் ஆண்டு கோடையில் லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் பெட்டிகள் மலை மலையாகக் குவிந்தன. கொரோனா காலத்தில் வீட்டுக்கு அனுப்பிய ஆட்களைத் திரும்ப எடுக்கவில்லை. கூட்டமோ திரும்ப வந்துவிட்டது. அந்த ஜூலை மாதம் டெல்டா விமானக் கம்பெனி ஒரு வேடிக்கை செய்தது. லண்டனில் இருந்து டெட்ராய்ட் நகருக்கு ஒரு பெரிய விமானம் புறப்பட்டது. அதில் ஒரு பயணி கூட இல்லை. தேங்கிக் கிடந்த ஆயிரம் பெட்டிகள் மட்டும் ஜாலியாகப் பறந்தன!

அந்த வருஷம் உலகம் முழுவதும் ஆயிரம் பயணிகளுக்கு 7.6 பெட்டிகள் வழி தவறின என்று சீட்டா என்ற விமானத் தொழில்நுட்ப நிறுவனம் கணக்குச் சொன்னது. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்தது. இதில் பெரும்பாலானவை தாமதமாகவாவது வந்து சேர்ந்தவைதான். ஆனால் கையில் மாற்றுத் துணி இல்லாமல் நிற்கிறவனுக்கு இந்தப் புள்ளிவிவரம் என்ன ஆறுதல் தரும்?

பழைய பழக்கம்தான்

இந்தத் தொல்லையே வேண்டாம், பெட்டியை முன்கூட்டியே அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம் என்று இப்போது பலர் கிளம்பி இருக்கிறார்கள்.

இது புதுசு அல்ல. கப்பல் காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பெயர் எழுதி முதலிலேயே துறைமுகத்தில் ஒப்படைத்தார்கள். 'ரஜுலா' கப்பல் 1973 வரை ஓடியது. பிறகு 'எம்.வி.சிதம்பரம்' வந்தது. 1985-ல் அதில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணமும் நின்றது. மண்ணடியில் சில வீடுகளில் அந்த டிரங்குப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. உள்ளே பழைய பாத்திரம்!

ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். கறுப்புப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற முத்திரை போட்ட வண்டி அங்கே தெருவுக்குத் தெரு ஓடும். 1976-ல் தொடங்கிய சேவை. விமானத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வீட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டால், விமான நிலையக் கவுண்டரில் போய் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வழக்கம்போல விமானத்தில் ஏற்ற வேண்டியதுதான். ஆனால் ரெயிலில் மூட்டை தூக்கும் வேலை மிச்சம்.

நம் ஊரில் நாட்டுக்கு நாடு அனுப்புகிற கதை. இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

தலையணைக்கு 8 கிலோ!

பெரம்பூர் பெரியவர் சூடு கண்ட பூனை. 2025-ல் மகன் முறை வந்தது. அவனும் அமெரிக்கா. "இந்தத் தடவை மீனம்பாக்கத்துல பெட்டியைத் திறக்கறதே கிடையாது" என்று வீட்டில் சபதம் போட்டார்.

ஜூலை மாதமே ஒரு அட்டைப் பெட்டி தயார். துணிமணி, போர்வை, தலையணை, கொஞ்சம் பாத்திரம். தெருமுனை அரிசிக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தார். சரியாக 15 கிலோ. இனி ஏமாற மாட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு ஒரு கூரியர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனார்.

அங்கே இருந்த பையன் பெட்டியைத் தராசில் வைத்தான். தலையை ஆட்டினான். பிறகு அளவு டேப்பை எடுத்தான். நீளம் 60 சென்டிமீட்டர். அகலம் 45. உயரம் 45. மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தான். 24.3 வந்தது.

"இருபத்தி நாலரை கிலோ சார்."

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, தராசு பதினஞ்சுன்னு உன் கண்ணு முன்னாடி காட்டுது. டேப்பு வச்சு எடை போடற ஊரு எந்த ஊரு?" என்று சத்தம் போட்டார்.

அவன் மரியாதையாகவே விளக்கினான். விமானத்தில் இடம்தான் காசு. பஞ்சு மூட்டையை ஏற்றினாலும் இரும்பை ஏற்றினாலும் இடம் ஒன்று. அதனால் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கூரியர்காரர்கள் 5,000-ஆல் வகுப்பார்கள். சாதாரண விமானச் சரக்கில் 6,000-ஆல் வகுப்பார்கள்.

"தலையணையை எடுத்துடுங்க சார். பெட்டியை வெட்டிச் சின்னதாக்கித் தரேன்" என்றான் பையன்.

தலையணை வெளியே வந்தது. அட்டையை வெட்டி மடித்ததும் உயரம் 30 சென்டிமீட்டர். மறுபடியும் பெருக்கி வகுத்தார்கள். 16.2. பில் பதினாறரை கிலோவுக்கு. ஒரு தலையணையின் கூலி 8 கிலோ! அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரியவர் பஸ் ஏறினார்.

அந்தப் பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அங்கே மூத்த மாணவர் ஒருவர் அறையில் இறங்கியது. ஆள் இல்லாத விலாசத்துக்கு அனுப்பி இருந்தால் கதவைத் தட்டிவிட்டு கிடங்குக்குத் திரும்பி இருக்கும். அப்பாவின் முன்யோசனை பலித்தது.

இழப்பீடு எவ்வளவு?

இங்கே ஒரு சங்கதியைப் பலரும் கவனிப்பதில்லை.

கூடவே ஏற்றிய பெட்டி தொலைந்தால் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்ற 1999-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி விமானக் கம்பெனி பொறுப்பு. எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்குப் பணத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் அதை 1,519 ஆக உயர்த்தினார்கள். டாலரில் சொன்னால் 2,000-க்குச் சற்று மேலே. 21 நாளில் பெட்டி வராவிட்டால் தொலைந்ததாகவே கருதி உரிமை கேட்கலாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே புகார்ச் சீட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதே பெட்டியைச் சரக்காக அனுப்பினால்? கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். 15 கிலோ பெட்டிக்கு 390. நாலில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். மிச்சத்துக்கு நாமே இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்? சர்டிபிகேட், நகை, பணம் இவற்றைக் கைப்பையை விட்டு எங்கேயும் வைக்கக் கூடாது. பவர் பேங்க்கும் அப்படியே. அதைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். கீழே ஏற்றும் பெட்டியில் வைத்தால் பெட்டியையே திறந்து எடுத்துவிடுவார்கள்.

குருமா மசாலாவில் கம்பி!

இனி போலீஸ் சமாசாரம்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி அனுப்புகிற தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கசகசா அங்கே குற்றம். துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு நாடுகள், சவுதி, கத்தார், சிங்கப்பூர் எங்குமே அனுமதி கிடையாது. அபின் செடியின் விதை அது. அதில் போதைப் பொருளின் சுவடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'குருமாவுக்குத்தான் சார்' என்று கஸ்டம்ஸ் அதிகாரியிடம் சொன்னால் எடுபடாது. தெரியாமல் கொண்டு போய் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் உண்டு.

அடுத்தது, அடுத்த வீட்டுக்காரர். "என் பொண்ணுக்கு ஒரு சின்ன டப்பா... உங்க பெட்டியோட போட்டுடுங்களேன்" என்று வருவார். முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். 1985-ம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தில் வியாபார அளவு சரக்குக்குக் குறைந்தது 10 வருஷம், 20 வருஷம் வரை ஜெயில். டப்பாவைத் திறந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. திறந்து காட்ட மறுக்கிறவர் மனம் கோணினால் கோணட்டும்!

ஊர் திரும்புகிறவர்களுக்கு வேறு வலை விரித்திருக்கிறது. வளைகுடாவில் வேலை முடிந்து வருகிறவர், டெலிவிஷன், போர்வை, சோப்பு, பிள்ளைகளுக்குச் சாக்லெட் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் கட்டிக் கப்பல் சரக்கில் போடுவார். 'வீட்டு வாசலில் டெலிவரி' என்று போர்டு மாட்டிய ஏஜெண்டு பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கேட்பார். அவருடைய பெயரில்தான் சரக்கு இறங்க வேண்டும் என்பதால் ஜெராக்ஸ் தேவைதான். ஆனால் அந்த ஜெராக்சை வைத்துக்கொண்டு வேறு வியாபாரியின் புதுச் சரக்கை, 'இந்தப் பயணியின் சொந்தச் சாமான்' என்று இறக்குகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். சம்மன் வருவது, பாவம், பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு. ஜெராக்ஸ் தாளில் குறுக்கே கோடு போட்டு, இத்தனை பெட்டிக்கு மட்டும் என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஏமாற்றுகிறவன் கை கொஞ்சம் நடுங்கும்.

கூட வராத பெட்டிக்கு கஸ்டம்ஸில் தனிக் கணக்கு உண்டு. 2016-ம் ஆண்டு விதிகள் அமலில் இருந்தபோது, பெட்டி பயணிக்கு 2 மாதம் முன்பு வரை வந்து இறங்கலாம் என்று இருந்தது. பின்னால் அனுப்புவதாக இருந்தால் அவர் வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து கிளம்பி இருக்க வேண்டும் என்று இருந்தது. பயணிக்குக் கொடுத்த வரியில்லாச் சலுகை, அந்த விதிகளில் கூட வராத பெட்டிக்குச் செல்லவில்லை. உடுத்திப் பழகிய துணி, புழங்கிய சாமான் இவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. விலைச் சீட்டு தொங்கும் புதுச் சட்டையைக் கண்டால் அதிகாரியின் புருவம் உயராமல் என்ன செய்யும்? இந்த விதிகளை அரசாங்கம் அவ்வப்போது மாற்றும். டிக்கெட் எடுக்கும் அன்றே கஸ்டம்ஸில் விசாரித்துவிட வேண்டும்.

50 நாள் சிறை

பெரம்பூர் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை.

மகன் ஆகஸ்டில் விமானம் ஏறினான். பெட்டிகள் இரண்டும் எடை சரியாக இருந்தன. யாரும் அழவில்லை. குளிர் கோட்டும், கம்பளிச் சட்டைகளும், நாலைந்து புத்தகங்களும், 2023-ல் அக்கா விட்டுவிட்டுப் போன அதே குக்கரும் மட்டும் மிச்சம். "அவன் போய் சேரட்டும். தபால்ல அனுப்பினா சல்லிசு" என்றார் அப்பா.

செப்டம்பர் முதல் வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராஜாஜி சாலை ஜி.பி.ஓ.வுக்குப் போனார். கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

"அமெரிக்காவுக்கு புக்கிங் நிறுத்தியாச்சு பெரியவரே."

நடந்தது இதுதான். 800 டாலருக்குக் குறைவான பார்சல்களுக்கு அமெரிக்கா வெகு காலமாகக் கொடுத்துவந்த வரி விலக்கை 2025 ஆகஸ்டு 29-ந் தேதியோடு எடுத்துவிட்டது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகவில்லை. விமானக் கம்பெனிகள் தபால் மூட்டையை ஏற்க மறுத்தன. ஆகஸ்டு 25-ல் இருந்தே இந்தியத் தபால் இலாகா பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியது. மாதக் கடைசியில் கடிதம் உள்பட எல்லாமே நின்றது.

எங்கோ வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து, பெரம்பூரில் ஒரு கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிர் கோட்டு உள்பட!

"அங்க குளிர ஆரம்பிச்சுடுச்சுங்க. புள்ளை என்ன பண்ணுவான்?" என்று மனைவி தினமும் கேட்பார். கணவர் தினமும் பேப்பரைப் புரட்டுவார். கூரியரில் விசாரித்தார். கட்டணத்தோடு வரியையும் சேர்த்துச் சொன்ன தொகையில் இரண்டு புதுக் கோட்டு வாங்கலாம். மகன் அதைத்தான் செய்தான். பழைய சாமான் கடை ஒன்றில் யாரோ போட்டுக் கழற்றிய கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, வீடியோவில் அம்மாவிடம் காட்டினான். அளவு பெரிசு. தோள் தொங்கியது. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

அக்டோபர் 15-ந் தேதி தபால் இலாகா மறுபடியும் கதவைத் திறந்தது. அப்போதைய புது ஏற்பாட்டின்படி, சீட்டில் எழுதும் மதிப்பில் 50 சதவீதம் வரி இருந்தது. புக்கிங் செய்யும் இடத்திலேயே கட்டிவிட வேண்டி இருந்தது.

பெரியவர் அந்த வாரமே போய் நின்றார்.

"பழைய குக்கர் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்கா போயிருக்க வேண்டியது. இதுக்கும் வரியா?"

"பழசோ புதுசோ, மதிப்பு எழுதுங்க ஐயா. எழுதின மதிப்புக்குத்தான் வரி."

குறைத்து எழுதலாமா என்று ஒரு நிமிஷம் சபலம். பிறகு உள்ளது உள்ளபடி எழுதினார். மாட்டினால் பெட்டியே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அம்மா செய்து வைத்த பருப்புப் பொடியும் உள்ளே இருந்தது. வீட்டில் செய்து சொந்தக்காரர் சொந்தக்காரருக்கு அன்பளிப்பாக அனுப்பும் பண்டத்துக்கு அமெரிக்க உணவு இலாகாவிடம் முன்தகவல் கொடுக்க வேண்டியது இல்லை. கடையில் வாங்கிய பாக்கெட் என்றால் கொடுத்தாக வேண்டும். இந்த நுணுக்கத்தை அவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். ரெயில்வேயில் வேலை பார்த்தவர். விதிப் புத்தகம் படித்துப் பழக்கம்.

நவம்பரில் பெட்டி போய்ச் சேர்ந்தது. மகன் வீடியோவில் கூப்பிட்டான். கோட்டைப் போட்டுக் காட்டினான். அளவு கச்சிதம். பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான். பிறகு குக்கரை எடுத்து, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா... வெயிட்டு எங்கம்மா?"

வீட்டில் தேடினார்கள். 2023 ஆகஸ்டு மாதம், மீனம்பாக்கத்தில் இருந்து திரும்பி வந்த ராத்திரி, அம்மா அதைத் தனியாகக் கழற்றிச் சமையல்கட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அங்கேயே இருந்தது.

"எல்லாத்தையும் எடை போட்டோம். இந்த வெயிட்டை மட்டும் விட்டுட்டோமேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

டிசம்பரில் அந்தப் பக்கம் போன ஒரு தூரத்து மாமா, அதைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.